‘சப்’ என்றால் கீழே, அப்படியானால் சக்சஸ்?

கேள்வி இதுதான்: சப்வே, சப்மரைன், சப்டைட்டில் போன்ற ஆங்கிலச் சொற்களில் ‘சப்’ என்றால் கீழே என்று புரிகிறது. ஆனால் சக்சஸ், சப்போர்ட், சஸ்பெக்ட், சஜெஷன் எல்லாமே அதே லத்தீன் முன்னொட்டில் பிறந்தவை என்று அகராதி சொல்கிறது. வெற்றியில் எங்கே இருக்கிறது ‘கீழே’? இந்தச் சொற்களை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. ‘சப் = கீழே’ என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்ததுதான் சிக்கலுக்கே காரணம். லத்தீனில் இந்த முன்னொட்டு ஓர் இடத்தை மட்டும் சொல்லவில்லை, ஒரு திசையையும் சொன்னது. கீழே இருப்பது ஒன்று; கீழேயிருந்து மேலே வருவது இன்னொன்று. பெயர்ச்சொல்லோடு ஒட்டும்போது பெரும்பாலும் முதல் பொருள் வரும்: கடலுக்குக் கீழே போவது சப்மரைன், தோலுக்குக் கீழே போடும் ஊசி சப்கியூட்டேனியஸ், நிலத்துக்கு அடியில் இருப்பது சப்டெரேனியன். சுமப்பது, தூக்குவது, நிரப்புவது, பார்ப்பது போன்ற வினைகளோடு ஒட்டும்போது பல நேரம் இரண்டாவது பொருள் வரும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

இதற்குக் காரணம் தேடினால் குடும்ப வரலாற்றுக்குள் போக வேண்டும். கிரேக்கத்தின் ‘ஹைப்போ’, சமஸ்கிருதத்தின் ‘உப’, ஆங்கிலத்தின் ‘அப்’ மூன்றும் லத்தீன் சப்புக்கு ரத்த உறவு. ஆமாம், மேலே என்று பொருள்படும் அதே ‘அப்’தான். கீழிருந்து மேலே என்ற பயணத்தில் லத்தீன் கிளம்பும் இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஆங்கிலம் போய்ச் சேரும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சமஸ்கிருத ‘உப’ தமிழிலும் உபதலைவர், உபகண்டம் என்று புழங்குகிறது. சப்கான்டினென்ட் என்பதை உபகண்டம் என்று எழுதினார்களே, அது மொழிபெயர்ப்பு மட்டுமில்லை, அண்ணனின் இடத்தில் தம்பியை உட்கார வைத்ததும்கூட. ‘சூப்பர்’ என்பதும் இதே வீட்டுப் பிள்ளைதான். அதன் சமஸ்கிருத உறவு ‘உபரி’. தேவைக்கு மேல் மிஞ்சியதை உபரி என்கிறோமே, அதே சொல். ஆக, கீழே என்பதற்கும் மேலே என்பதற்கும் ஒரே வேர். இதைக் கேட்டுத் தலை சுற்றினால் தப்பில்லை.

இப்போது சொற்களுக்கு வருவோம். சப்போர்ட் எளிது. ‘போர்ட்டாரே’ என்றால் சுமப்பது. இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. அடியில் நின்று தாங்குவது சப்போர்ட். தூண் செய்வதும் அதுவே, தொண்டர் செய்வதும் அதுவே. சஃபர் என்பதும் ஏறக்குறைய அதே படம்தான், ஏனென்றால் ‘ஃபெர்ரே’ என்றாலும் சுமப்பது (டிரான்ஸ்ஃபர், ரெஃபர் இரண்டிலும் இருப்பது). ஆனால் சப்போர்ட்டில் தாங்குகிறவரின் பலம் தெரிகிறது, சஃபரில் சுமையின் கனம் தெரிகிறது. பழைய ஆங்கிலத்தில் சஃபர் என்பதற்கு ‘பொறுத்துக்கொள், தடுக்காதே’ என்ற பொருளும் இருந்தது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில், குழந்தைகள் தன்னிடம் வருவதைச் ‘சஃபர்’ செய்யும்படி இயேசு சொல்லும் இடம் இன்றைய வாசகரைத் திகைக்க வைக்கும். அங்கே துன்பம் எதுவும் இல்லை. வர விடுங்கள் என்கிறார், அவ்வளவுதான். தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றக் கூடாது. நம் ‘பொறை’ என்ற சொல்லுக்குச் சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள்.

சஸ்பெண்ட் என்பதில் இருப்பது தொங்குதல். டிபெண்ட், பெண்டுலம் இரண்டிலும் உள்ள அதே வேர். தரையில் படாமல் மேலே தொங்கவிடுவது சஸ்பெண்ட். தொங்குபாலம் சஸ்பென்ஷன் பிரிட்ஜ் ஆவதில் வியப்பில்லை. வேலையிலிருந்து ஒருவரைச் சஸ்பெண்ட் செய்தால் அவரை நீக்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. அந்தரத்தில் தொங்க விட்டிருக்கிறார்கள். கதையில் சஸ்பென்ஸ் என்பது அந்தரத்தில் தொங்குகிற வாசகரின் நிலை. நீரில் கரையாமலும் உடனே அடியில் படியாமலும் துகள்கள் மிதக்கும் கலவையை வேதியியலில் சஸ்பென்ஷன் என்கிறார்கள். பாலம், ஊழியர், வாசகர், துகள் நான்கையும் ஒரே படம் பிடித்து வைத்திருக்கிறது.

சஜெஸ்ட் கொஞ்சம் மறைந்திருக்கும் சொல். அதில் உள்ள ‘கெரெரே’ என்றால் கொண்டுவருவது, எடுத்துவருவது. கீழேயிருந்து எடுத்து மேலே வைப்பது சஜெஸ்ட். இதை நம்பக் கஷ்டமாக இருந்தால் ஒரு சாட்சி: லத்தீனில் ‘சுக்கெஸ்டுஸ்’ என்றால் பேச்சாளர் ஏறி நின்று பேசும் மேடை. மண்ணோ மரமோ கீழிருந்து குவித்து உயர்த்திய இடம் என்பதால் அந்தப் பெயர். அதே குடும்பத்து வினைச்சொல் மனதுக்கு வந்தபோது, உள்ளே கிடக்கும் ஓர் எண்ணத்தை மெல்ல மேலே எடுத்து வைப்பது என்றாகி, யோசனை சொல்வது என்ற இன்றைய பொருளுக்கு வந்து சேர்ந்தது. சப்ளையில் உள்ளது நிரப்புதல். காலியாக இருப்பதை அடியிலிருந்து விளிம்பு வரை நிரப்புவது சப்ளை. நிரம்பாமல் விட்டுப்போனதை நிரப்புவது சப்ளிமென்ட்.

எனக்கு மிகவும் பிடித்தது சஸ்பெக்ட்தான். ‘ஸ்பெக்’ என்ற பகுதி பார்ப்பதைக் குறிக்கும். இன்ஸ்பெக்ட், ரெஸ்பெக்ட், ஸ்பெக்டேட்டர் எல்லாம் அதிலிருந்து வந்தவை. சப்போடு சேர்ந்தால் கீழேயிருந்து மேல்நோக்கிப் பார்ப்பது. தலையைக் குனிந்தபடி கண்ணை மட்டும் உயர்த்தி ஒருவரைப் பார்த்துப் பாருங்கள். பார்க்கப்படுகிறவர் உடனே ‘என்ன, நம்ப மாட்டீர்களா?’ என்று கேட்பார். அந்தப் பார்வைதான் சந்தேகம். லத்தீனில் இதே வினைக்கு இன்னொரு பொருளும் இருந்தது: அண்ணாந்து பார்த்து வியப்பது, மதிப்பது. கீழிருந்து மேலே பார்க்கும் ஒரே செயல், பார்க்கிறவரின் மனதைப் பொறுத்து மரியாதையாகவும் இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது. ஆங்கிலத்துக்கு வந்தபோது சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது.

சரி, சக்சஸ். ‘செட்’ அல்லது ‘சீட்’ என்ற பகுதிக்குப் போவது என்று பொருள். ப்ரொசீட் என்றால் முன்னே போவது, ரிசீட் என்றால் பின்வாங்குவது, எக்சீட் என்றால் எல்லை தாண்டிப் போவது. சக்சீட் என்றால் ஒன்றின் அடியொற்றிப் போவது, அடுத்து வருவது. இங்கே ‘சப்’ நெருக்கத்தைக் காட்டுகிறது: முன்னே போனவரின் காலடியை ஒட்டி இன்னொருவர் வருகிறார். அரசருக்குப் பின் மகன் பட்டத்துக்கு வந்தால் அது சக்செஷன், வந்தவர் சக்சஸர். இந்தப் பழைய பொருள் இவ்விரு சொற்களிலும் அப்படியே இருக்கிறது. சக்சஸ் என்ற பெயர்ச்சொல்லும் 16-ஆம் நூற்றாண்டில் ‘அடுத்து என்ன வந்தது’ என்பதைத்தான், அதாவது விளைவைத்தான், குறித்தது. அதனால் நல்ல சக்சஸ், கெட்ட சக்சஸ் என்று அடைமொழி போட்டு எழுத வேண்டியிருந்தது. நல்ல விளைவைச் சொல்லவே அதிகம் பயன்பட்டதால் போகப்போக அடைமொழி உதிர்ந்து, சக்சஸ் என்றாலே வெற்றி என்றாகிவிட்டது. கேள்வியில் கேட்ட ‘கீழே’ வெற்றியில் இல்லை, அடிச்சுவட்டில் இருக்கிறது.

அப்புறம் வேஷம். சப் என்பது ஏன் சக், சஃப், சஸ் என்று மாறுகிறது? தமிழ் படித்தவருக்கு இதை விளக்க ஒரு நிமிடம் போதும். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள் ஆகிறது. பின்னால் வரும் ககரம், முன்னால் இருந்த மகரத்தைத் தன் இன எழுத்தாக மாற்றிவிட்டது. லத்தீனிலும் இதே புணர்ச்சிதான். சப்பின் கடைசி எழுத்து, அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து அதுவாகவே மாறும். ‘சி’ வந்தால் சக்சீட். ‘எஃப்’ வந்தால் சஃபர், சஃபிஷியன்ட், சஃபிக்ஸ், சஃபகேட். ‘ஜி’ வந்தால் சஜெஸ்ட். ‘எம்’ வந்தால் சம்மன். ‘ஆர்’ வந்தால் சர்ரகேட். பேப்பரில் வருகிற ‘ப’ வந்தால் சப்போர்ட், சப்போஸ், சப்ளை. கடைசி வகையைத் தமிழ் எழுத்தில் பார்த்தால் மாற்றமே தெரியாது, ஏனென்றால் பஸ்ஸில் வரும் ஒலிக்கும் பேப்பரில் வரும் ஒலிக்கும் நமக்கு ஒரே ‘ப’தான். ஆங்கில எழுத்தில் இரண்டும் வேறு. சஸ்பெண்ட், சஸ்டெய்ன் போன்றவற்றில் வருவது ‘சப்ஸ்’ என்ற துணை வடிவம். நடுவில் இருந்த எழுத்து விழுந்துவிட்டது.

இதில் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பலன் இருக்கிறது. சப்போர்ட்டில் ஒரு ‘பி’யா, இரண்டா என்று தடுமாறுகிறவர்கள் அதிகம். முன்னொட்டின் எழுத்து ஒன்று, வேர்ச்சொல்லின் எழுத்து ஒன்று, ஆகவே இரண்டு. சஃபரில் இரண்டு எஃப், சஜெஸ்ட்டில் இரண்டு ஜி, சக்சஸின் முதல் பாதியில் இரண்டு சி, சம்மனில் இரண்டு எம் வருவதற்கும் இதே காரணம். சூப்பர், சுப்பீரியர், சுப்ரீம் ஆகியவற்றில் ஒற்றை ‘பி’ வருவது, அங்கே எதுவும் புணர்ந்து மாறவில்லை என்பதால். கணக்குப் பாடத்தில் கழித்தலை ‘சப்ஸ்ட்ராக்ட்’ என்று சொல்லும் பழக்கம் பரவலாக உண்டு; சரியானது சப்ட்ராக்ட், நடுவில் எஸ் இல்லை. ‘சப்’போடு இழுத்தல் என்ற பொருளுள்ள டிராக்ட் சேர்ந்தது அது. டிராக்டர் இழுக்கிறது, சப்ட்ராக்ட் அடியிலிருந்து கொஞ்சம் இழுத்துக்கொள்கிறது.

இந்தப் புணர்ச்சியை வைத்தே ஒரு சொல்லின் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். மாறியிருந்தால் அது லத்தீன் பேசியவர்களின் வாயில் உருண்டு வந்தது. மாறாமல் ‘சப்’ என்றே முழுசாக நின்றால் பல நேரம் பிற்காலத்தில் படித்தவர்கள் உட்கார்ந்து ஒட்டியது. சப்ப்ளாட், சப்கல்ச்சர், சப்கான்ஷியஸ், சப்ஃபோல்டர் எதிலும் மாற்றம் இல்லை. பழைய விதி இவற்றில் வேலை செய்திருந்தால் ‘சஃபோல்டர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம். இந்தப் புதிய ‘சப்’ இன்றும் உயிரோடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எந்தச் சொல்லின் முன்னாலும் வைக்கலாம். பழைய ‘சப்’ சொல்லுக்குள் கரைந்துவிட்டது. அதைப் பிரித்தெடுத்துப் புதிய சொல் செய்ய முடியாது. சிலவற்றில் முழுவதுமாகவே கரைந்துவிட்டது. சடன் என்ற சொல்லில் சப் இருக்கிறது என்றால் யார் நம்புவார்? ஓசையில்லாமல் அடியில் வந்து நிற்பது என்ற லத்தீன் வினை, பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து சடன் ஆனது. சுவனீரும் அப்படித்தான்: அடியிலிருந்து மனதின் மேல்தளத்துக்கு வருவது, நினைவுக்கு வருவது. பிரெஞ்சில் நினைவுகூர்தலைக் குறித்த சொல், ஆங்கிலத்தில் நினைவுப் பொருளாகிவிட்டது.

ரோமானியப் படை விட்டுச்சென்ற சொற்கள் இரண்டு. ஒன்று சப்ஜுகேட், அடிமைப்படுத்துவது. இதில் உள்ள ‘யூகும்’ நுகத்தடி. பழைய இத்தாலியில் தோற்ற படையின் ஆயுதங்களைப் பறித்துவிட்டு, ஈட்டிகளால் அமைத்த நுகத்தின் கீழே வீரர்களைக் குனிந்து போக வைக்கும் வழக்கம் இருந்தது. ரோமானியர்கள் பிறருக்குச் செய்தது மட்டுமில்லை, கி.மு. 321-இல் காடைன் கணவாயில் சாம்னைட்டுகள் என்ற இத்தாலிய இனத்தாரிடம் மாட்டிக்கொண்டு அவர்களே அப்படிக் குனிந்து போயிருக்கிறார்கள். அந்த அவமானம் அவர்களின் வரலாற்று நூல்களில் நீண்ட காலம் பேசப்பட்டது. ‘யூகும்’ என்பதற்குச் சமஸ்கிருதத்தில் உறவான சொல் ‘யோகம்’. இரண்டிலும் உள்ளது பிணைத்தல். யோகாவும் சப்ஜுகேட்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை யோகா வகுப்பில் சொன்னால் ரசிப்பார்களா என்று தெரியவில்லை.

இன்னொன்று சப்சிடி. மானியம் என்ற பொருளில் எல்லோரும் அறிந்த சொல், ஆனால் பிறந்த இடம் போர்க்களம். லத்தீனில் ‘சப்சிடியும்’ என்றால் சேமப்படை. முன்வரிசை தளரும்போது இறங்குவதற்காகப் பின்னால் உட்கார்ந்து காத்திருக்கும் வீரர்கள் அவர்கள். ‘சிட்’ என்ற பகுதி உட்காருவதைக் குறிக்கிறது. அங்கிருந்து ஆபத்தில் வரும் உதவி, பிறகு பண உதவி என்று பொருள் நகர்ந்தது. வெள்ளம் வடிவதையோ காய்ச்சல் தணிவதையோ குறிக்கும் சப்சைட் என்பதும் இதே சொல்தான். அங்கே வெள்ளம் உட்கார்ந்துவிட்டது. ஒரு பெரிய நிறுவனத்தின் கீழ் இயங்கும் சப்சிடியரியும் இந்தக் குடும்பம்.

சப்ஜெக்ட் என்ற சொல்லுக்கு மட்டும் தனியாக ஒரு பதில் எழுதலாம். வேர் எறிதல்: இன்ஜெக்ட் உள்ளே எறிவது, ரிஜெக்ட் திருப்பி எறிவது, ப்ராஜெக்ட் முன்னே எறிவது. சப்ஜெக்ட் கீழே எறியப்பட்டது. ராஜாவின் ஆட்சிக்குக் கீழே இருக்கும் குடிமக்கள் சப்ஜெக்ட்ஸ் என்பது இதில் நேரடிப் பொருள். ஆனால் பாடத்துக்கும் எழுவாய்க்கும் அந்தப் பெயர் வந்தது தத்துவத்தின் வழியாக. அரிஸ்டாட்டில் ஒரு பொருளின் அடியில் கிடப்பதை, எதன்மீது நாம் குணங்களை ஏற்றிச் சொல்கிறோமோ அதை, கிரேக்கத்தில் ஒரு சொல்லால் குறித்தார்; அதில் முன்னால் இருந்தது ‘ஹைப்போ’. லத்தீன் அறிஞர்கள் அதைத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தபோது ஹைப்போ இருந்த இடத்தில் சப்பை வைத்தார்கள். எதைப் பற்றிச் சொல்கிறோமோ அது அடியில் கிடக்கிறது, சொல்வதெல்லாம் அதன்மேல் ஏறுகிறது. வாக்கியத்தில் அது எழுவாய், வகுப்பில் அது பாடம்.

இதே முறையில் பிறந்த ஜோடிகள் இன்னும் உண்டு. ஹைப்பாதிசிஸ் என்பதைப் பிரித்தால் ‘அடியில் வைத்தது’. சப்பொசிஷன் என்பதைப் பிரித்தாலும் ‘அடியில் வைத்தது’. ஒன்று கிரேக்கம், மற்றொன்று அதன் லத்தீன் நிழல். வாதத்தைக் கட்டுவதற்கு முன் அஸ்திவாரமாக எதையாவது வைத்துக்கொள்கிறோமே, அதுதான் அனுமானம். இவற்றைத் தனித்தனியாகப் படிப்பதைவிட ஜோடியாகப் படித்தால் மறக்காது.

சப்புக்கு ஒரு கள்ளத்தனமான முகமும் உண்டு. மேலே எல்லோரும் பார்க்க நடக்காமல் கீழே ரகசியமாக நடப்பது. பொய்ச்சாட்சி சொல்ல ஒருவரை விலைக்கு வாங்குவதைச் சப்ஆர்ன் என்கிறார்கள். ஆர்னமென்ட்டில் உள்ள அதே ‘ஆர்ன்’, அதாவது ஆயத்தப்படுத்துவது, இங்கே ரகசியமாக. சர்ரெப்டிஷஸ் என்றால் கண்ணில் படாமல் பறித்துக்கொள்கிற தன்மை. எதிர்பாராத ஆள் சம்மன். ‘மோனேரே’ என்றால் எச்சரிப்பது. சப்போடு சேர்ந்து, காதோடு காதாக எச்சரிப்பது, குறிப்பு கொடுப்பது என்றுதான் லத்தீனில் இருந்தது. அது வளர்ந்து, நீதிமன்ற முத்திரையோடு வாசலுக்கு வந்து கையெழுத்து கேட்கும் காகிதமாகிவிட்டது. ரகசியத்திலிருந்து இவ்வளவு தூரம் விலகிய சொல் அபூர்வம். பெயர் சொல்லாமல் ஒருவரைக் குத்திப் போடும் பதிவைச் சமூக ஊடகத்தில் சப்ட்வீட் என்கிறார்களே, அதில் அந்தப் பழைய கள்ளத்தனம் எதேச்சையாகத் திரும்பி வந்திருக்கிறது.

‘கொஞ்சம்’ என்ற பொருளும் ஒன்று. லத்தீனில் ‘ரீடேரே’ என்றால் சிரிப்பது. ‘சப்ரீடேரே’ என்றால் சிரிப்புக்குச் சற்றுக் கீழே நிற்பது, அதாவது புன்னகைப்பது. ஆங்கிலத்துக்கு இது வரவில்லை. பிரெஞ்சும் இத்தாலியும் ஸ்பானிஷும் இன்றைக்கும் புன்னகைக்கு இதைத்தான் வைத்திருக்கின்றன. நம் புன்னகையும் அதே மாதிரிதான்: சிறியது என்ற பொருளுள்ள ‘புன்’, சிரிப்பு என்ற பொருளுள்ள ‘நகை’. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு சப்டிராபிக்கல், சப்ஆர்க்டிக் என்று வறண்ட உதாரணங்கள்தான் கிடைக்கும். வெப்பமண்டலம் என்று சொல்ல முடியாத, ஆனால் அதை ஒட்டிய பகுதி சப்டிராபிக்ஸ்.

நெசவிலிருந்தும் உடையிலிருந்தும் வந்த இரண்டு சொற்களை விட்டுவிட மனமில்லை. சட்டில் என்பதன் லத்தீன் வடிவத்தில் ‘டேலா’, அதாவது தறியில் உள்ள நெசவு, இருக்கிறது. பாவு நூலுக்கு அடியில் ஓடும் மெல்லிய நூல்போல் நுண்மையானது சட்டில். எழுத்தில் இருக்கும் ‘பி’ வாயில் வராததற்குக் காரணம், பிரெஞ்சு வழியாக வந்தபோது அது தேய்ந்து போயிருந்தது. பிறகு லத்தீன் படித்தவர்கள் மூலத்தைக் காட்ட அதை எழுத்தில் மட்டும் திருப்பிச் செருகினார்கள். டெட் (கடன்), டவுட் (சந்தேகம்) இரண்டிலும் ஊமையாக நிற்கும் ‘பி’க்கும் இதே கதை. சக்சிங்ட் என்றால் சுருக்கமான, கச்சிதமான. அதன் மூலப்படம் நீளமான உடையைக் கீழேயிருந்து தூக்கி இடுப்பில் கச்சையால் இறுக்கிக் கட்டிக்கொள்வது. தொங்கிக்கொண்டிருந்தது சுருங்கிவிட்டது, அதனால் சுருக்கம். தமிழில் இதே செயலை வரிந்து கட்டுவது என்கிறோம். ஆனால் நாம் வரிந்து கட்டினால் வேலைக்கோ சண்டைக்கோ தயார் என்று பொருள். ஒரே இடுப்புக் கச்சை, இரண்டு மொழிகளும் வேறு வேறு பக்கம் பார்த்திருக்கின்றன.

பதவியில் அடுத்த படி, பெரியதின் ஒரு பகுதி, இவருக்குப் பதில் அவர் என்பவையெல்லாம் நேரடியானவை. சப்எடிட்டர், சப்கமிட்டி, சப்ஸ்டிடியூட், சர்ரகேட் என்று பெயரைச் சொன்னாலே போதும். சப்ஸ்கிரைப் மட்டும் ஒரு வரி கேட்கிறது: அடியில் எழுதுவது, அதாவது ஆவணத்தின் கீழே கையெழுத்துப் போடுவது. கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிறது, ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டும், கட்டினால் பத்திரிகை வரும். இப்போது ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், எதையும் எழுத வேண்டாம்.

இனி போலிகள். ‘சர்’ என்று தொடங்குபவற்றில் பெரும்பாலானவை நம் சப் இல்லை. சர்ஃபேஸ், சர்நேம், சர்ப்ளஸ், சர்சார்ஜ், சர்ப்ரைஸ் ஆகியவற்றில் உள்ளது பிரெஞ்சில் தேய்ந்த சூப்பர்; பொருள் மேலே. இரண்டு ஆர் வந்தாலும் ஏமாறலாம்: சர்ரகேட் சப், சர்ரெண்டர் சூப்பர். சர்ஜரி இரண்டும் இல்லை. கை வேலை என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல். சர்ஜ் மட்டும், ஆச்சரியமாக, அசல் சப். கீழேயிருந்து நேராக எழுவது அது. இன்சர்ஜன்ட், ரெசரெக்ஷன், சோர்ஸ் எல்லாம் அதன் பிள்ளைகள். ஊற்று என்பது தரைக்கடியிலிருந்து எழுவதுதானே. சக்குலன்ட் செடியில் உள்ளது சாறு என்ற பொருளுள்ள வேறு லத்தீன் சொல். சப்பர் என்ற இரவு உணவில் இரண்டு ‘பி’ இருந்தாலும் அது சூப்போடு சேர்ந்தது. சுகர் நம் சர்க்கரைக்கு உறவு.

ஆக, மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். சொல்லின் பின்பாதியை முதலில் பிடியுங்கள், அதை வேறு முன்னொட்டுகளோடு பார்த்த நினைவு இருக்கும். சப்மிட்டில் மிட்; பெர்மிட், அட்மிட், டிரான்ஸ்மிட்டில் பார்த்தது, பொருள் அனுப்புதல். சப்வெர்ட்டில் வெர்ட், கன்வெர்ட், இன்வெர்ட்டில் பார்த்தது, பொருள் திருப்புதல். பிறகு முன்னால் ‘கீழே’ என்று வைத்துப் பாருங்கள், ஒத்துவராவிட்டால் ‘கீழிருந்து மேலே’ என்று வைத்துப் பாருங்கள், அதுவும் வராவிட்டால் ‘அடுத்து’, ‘ரகசியமாக’, ‘கொஞ்சம்’. இந்த ஐந்துக்கு வெளியே போகும் சொல் அரிது. விடைத்தாளைச் சப்மிட் செய்வதும் பகைவனிடம் சப்மிட் ஆவதும் ஏன் ஒரே சொல் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம்.

சப் பழகிவிட்டால் அடுத்து எடுக்க வேண்டியது ‘அட்’. நோக்கி என்பதுதான் முக்கியப் பொருள், ஆனால் வேஷம் போடுவதில் சப்பைவிடக் கெட்டிக்காரன்: அக்செப்ட், அஃபெக்ட், அக்ரெசிவ், அலாட், அனெக்ஸ், அப்பியர், அரைவ், அசிஸ்ட், அட்டென்ட் எல்லாமே அதுதான். இரட்டை எழுத்து எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் முக்கால்வாசியை ஒரே உட்காரலில் பிரித்துவிடலாம். அரைவ் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பாதியில் இருப்பது ஆற்றங்கரை, முதலில் அது படகு கரை சேர்வதைத்தான் குறித்தது.